லாரி இன்ஜினில் லிட்டர், டர்போ, டார்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனரக வண்டி ஓட்டப் பழகுகிறவர்கள், முதல்முறை வண்டி வாங்கப் போகிறவர்கள், பணிமனையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர் வாயில் வந்தபடியே கேள்வியை வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னவை தேவைப்படும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

13 லிட்டர் இன்ஜின்னு சொல்றாங்களே, அது எதோட அளவு? ஆயில் பிடிக்கிற அளவா?

ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிலிண்டர் என்ற குழாய்க்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன், கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடிக்குப் போகும்போது எவ்வளவு இடத்தைக் கடக்கிறதோ, அதுதான் அந்த சிலிண்டரின் கொள்ளளவு. எல்லா சிலிண்டரையும் கூட்டினால் இன்ஜின் அளவு. வால்வோவின் 13 லிட்டர் இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 131 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 158 மில்லிமீட்டர். ஒரு சிலிண்டருக்கு 2.13 லிட்டர், ஆறுக்கும் சேர்த்து 12.8 லிட்டர். அதைத்தான் 13 என்று சொல்கிறார்கள்.

ஆக, லிட்டர் என்பது இன்ஜினின் நெஞ்சுக்கூடு மாதிரி. எவ்வளவு பெரிதாக மூச்சு இழுக்க இடமிருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அந்த இடத்தில் உண்மையில் எவ்வளவு காற்று நிரம்புகிறது என்பது வேறு கதை. டர்போ வருவது அங்கேதான்.

டார்க், ஹார்ஸ்பவர் ரெண்டும் ஒண்ணுதானே? ஏன் ரெண்டு நம்பர் போடுறாங்க?

சக்கர நட்டைக் கழற்றும்போது ஸ்பேனரில் ஒரு மீட்டர் நீளக் குழாயை மாட்டி, 60 கிலோ எடையுள்ள ஒருவர் நுனியில் ஏறி நிற்கிறார் என்று வையுங்கள். நட்டின் மேல் கிட்டத்தட்ட 590 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்கு விசை, விழுகிறது. துருப்பிடித்த நட்டு அசையவே இல்லை என்றாலும் அந்த டார்க் அங்கே இருக்கிறது. ஆனால் வேலை எதுவும் நடக்கவில்லை. நட்டு சுழல ஆரம்பித்த பிறகுதான் வேலை. அந்த வேலை எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதற்குத்தான் பவர் என்று பெயர்.

கணக்கு இதுதான்: டார்க்கை ஆர்.பி.எம்.மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால்) பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 1200 ஆர்.பி.எம்.மில் 2500 நியூட்டன் மீட்டர் என்றால் 314 கிலோவாட், அதாவது சுமார் 427 குதிரைத்திறன். டார்க்கும் சுழற்சியும் தெரிந்தால் பவர் தானாகக் கிடைத்துவிடும். அதனால் 'இந்த இன்ஜினில் பவர் குறைவு, டார்க் அதிகம்' என்று யாராவது சொன்னால், எந்த ஆர்.பி.எம்.மில் என்று கேளுங்கள். அது தெரியாமல் அந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

காருலயே 300 ஹெச்.பி. வருது. 40 டன் லாரிக்கு வெறும் 430 எப்படிப் போதும்?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. ஒரு ஒப்பீடு பார்ப்போம். டர்போ வைத்த 3 லிட்டர் கார் டீசல் இன்ஜின் 600 நியூட்டன் மீட்டர் தருகிறது என்றால், லிட்டருக்கு 200. மேலே சொன்ன 12.8 லிட்டர் லாரி இன்ஜின் 2500 தருகிறது; லிட்டருக்கு 195. கிட்டத்தட்ட சமம்! ஒரு லிட்டர் இடத்திலிருந்து பிழியப்படும் டார்க் இரண்டிலும் ஒன்றுதான். லாரியில் அப்படிப்பட்ட லிட்டர்கள் நான்கு மடங்கு இருக்கின்றன, அவ்வளவுதான்.

கார் இன்ஜின் அந்த 300-ஐ எட்ட 4000 ஆர்.பி.எம். வரை சுழல வேண்டும். லாரி இன்ஜின் 1200-லேயே 427-ஐத் தந்துவிடுகிறது. 90 மில்லிமீட்டர் நகரும் கார் பிஸ்டன் 4000 ஆர்.பி.எம்.மில் நொடிக்குச் சராசரியாக 12 மீட்டர் ஓடுகிறது. லாரி பிஸ்டன் 1200-ல் 6.3 மீட்டர்தான். பாதி ஓட்டம்தான், தேய்மானமும் குறைவு. கார் தன் முழு பவரை முந்திச் செல்லும் சில நொடிகளுக்கு மட்டும் தருகிறது. லாரியோ ஏற்றத்தில் அரை மணி நேரம் தொடர்ந்து தர வேண்டும். அப்படியே பல லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும்.

டர்போன்னா என்ன, டீசலை அதிகமா அடிக்கிற சாமானா?

இல்லை. டர்போ டீசலைத் தொடுவதே இல்லை. அதன் வேலை காற்று. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. பெரிய லாரி டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குப் பக்கத்தில் சுழலும். ஆல்ஃபிரட் பூஹி என்ற சுவிஸ் பொறியாளர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். லாரிகளில் பரவலாக வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1954-ல் வால்வோ தன் டைட்டன் லாரியில் டர்போ வைத்தபோது அதே 9.6 லிட்டர் இன்ஜினின் திறன் 150-லிருந்து 185 குதிரைத்திறனாக ஏறியது.

காற்று ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12.8 லிட்டர் இன்ஜின் 1200 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 600 தடவை முழு மூச்சு இழுக்கிறது, ஏனென்றால் நான்கு ஸ்ட்ரோக் (பிஸ்டனின் நான்கு ஓட்டம்) இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு மூச்சுதான். அது 7680 லிட்டர் காற்று, லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் 9.2 கிலோ. ஒரு கிலோ டீசல் எரிய ஏட்டுக்கணக்கில் 14.5 கிலோ காற்று போதும். ஆனால் டீசல் இன்ஜினில் எரிபொருளும் காற்றும் கலக்க நேரம் குறைவு என்பதால், புகையில்லாமல் எரிய 20 கிலோவாவது வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் நிமிடத்துக்கு 460 கிராம் டீசலைத்தான் எரிக்க முடியும். ஒரு கிலோவாட் மணிக்கு 200 கிராம் செலவு என்று பார்த்தால் கிடைப்பது 138 கிலோவாட்.

முன்பு பார்த்த 314 கிலோவாட்டுக்கும் இதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அதே இடத்துக்குள் 2.3 மடங்கு காற்றைத் திணித்தால்தான் அந்த எண் வரும். டீசலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம்; காற்று இல்லையென்றால் அது கரும்புகையாகத்தான் போகும்.

இன்டர்கூலர் எதுக்கு? ரேடியேட்டர் ஒண்ணு போதாதா?

சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பக்கம் சுடும் அல்லவா, அதே விஷயம்தான். 25 டிகிரி காற்றை மூன்று மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் அது 170 டிகிரி வரை சூடாகிவிடும். சூடான காற்று விரிந்து இடத்தை அடைக்கும். அதை 50 டிகிரிக்கு ஆற்றினால், அதே அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் காற்று உள்ளே போகும். டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பதற்குக் காரணம் இதுதான். அதில் சேறும் பூச்சியும் அடைத்துக்கொண்டால் ஏற்றத்தில் இழுவை குறைவது முதலில் தெரியும்.

டர்போ வண்டி டீசல் ஜாஸ்தி குடிக்குமாமே?

அதே வேலைக்கு என்று பார்த்தால் குறைவாகத்தான் குடிக்கும். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாக வீணாகப் போகிறது. டர்போ அதில் கொஞ்சத்தைப் பிடித்து வேலை வாங்குகிறது. டர்போ இல்லாமல் இதே பவர் வேண்டுமென்றால் இரு மடங்குக்கும் பெரிய இன்ஜின் தேவைப்படும். அந்தக் கூடுதல் சிலிண்டர்களின் உராய்வுக்கும் எடைக்கும் சேர்த்து டீசல் போட வேண்டியிருக்கும்.

மிதிச்சதும் இழுக்காம ரெண்டு செகண்ட் கழிச்சுதான் இழுக்குது. டர்போ வீக்கா?

பெரும்பாலும் பழுது இல்லை. டர்போ சுழலப் புகை வேண்டும். அந்தப் புகை வர டீசல் எரிய வேண்டும். டீசல் எரியக் காற்று வேண்டும். அந்தக் காற்றைத் தர வேண்டியதே டர்போ. இந்த வட்டம் சூடுபிடிக்க எடுக்கும் நேரம்தான் அந்தத் தாமதம். அதுவரை கரும்புகை வராமலிருக்க இன்ஜினின் கணினியும் டீசலைக் கட்டுப்படுத்தி வைக்கும். புகைபாதையின் இதழ்களை நகர்த்தும் மாறுவடிவ டர்போக்களில் தாமதம் குறைவு. குறைந்த புகையிலேயே இதழ்கள் நெருங்கி, புகையை வேகமாகச் சக்கரத்தில் பாய்ச்சும். நேற்று இல்லாத தாமதம் இன்று திடீரென்று வந்தால் மட்டும் பழுதைத் தேடுங்கள். எப்படி என்று கீழே வருகிறது.

ஏத்தத்துல எந்த ஆர்.பி.எம்.ல வச்சு ஓட்டணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இன்ஜினின் டார்க் வரைபடத்தைப் பார்த்தால் சண்டையே வராது. ஓர் இன்ஜின் 1400 முதல் 1800 வரை ஒரே 330 கிலோவாட்டைத் தருகிறது என்போம். 1800-ல் டார்க் 1750 நியூட்டன் மீட்டர். ஏற்றம் வந்து சுழற்சி 1400-க்கு இறங்கும்போது டார்க் 2250 ஆகிறது. வண்டி தளரத் தளர இன்ஜின் இன்னும் 29 சதவீதம் இறுக்கமாகப் பிடிக்கிறது. ஓட்டுநர்கள் 'வண்டி தம் பிடிக்குது' என்று சொல்வது இதைத்தான். அவர்கள் உடம்பில் உணர்ந்த விஷயம் காகிதத்திலும் அப்படியே இருக்கிறது. ஆகவே 1800-லிருந்து இறங்குகிறதே என்று பதறி உடனே கியரைக் குறைக்க வேண்டாம். ஆர்.பி.எம். மீட்டரின் பச்சைப் பட்டைக்குள் முள் இருக்கும்வரை அதை இறங்க விடலாம்.

டார்க் உச்சத்தைத் தாண்டி, 900-க்கும் கீழே முழு மிதியில் இழுப்பதுதான் தவறு. அங்கே டர்போவுக்குப் புகை போதாது, அதனால் காற்று குறைகிறது. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனிச் சம்மட்டி அடியாகக் கிராங்கிலும் கிளட்ச்சிலும் கியர்பாக்ஸிலும் இறங்கும். இருக்கைக்கு அடியில் ஒரு உதறல் தெரியும், கண்ணாடி சட்டத்தில் அதிரும். அந்த உதறல் வரும் முன்பே கியரைக் குறைத்திருக்க வேண்டும்.

அப்போ டார்க் அதிகமா உள்ள வண்டிதானே ஏத்தத்துல வேகமா ஏறும்?

இல்லை, ஏறும் வேகத்தைத் தீர்மானிப்பது பவர். 40 டன் வண்டி 6 சதவீத ஏற்றத்தில் ஏற, சக்கர உருளல் தடையையும் சேர்த்து, சுமார் 26 ஆயிரம் நியூட்டன் இழுவிசை வேண்டும். 427 குதிரைத்திறனில் கியரிலும் ஆக்சிலிலும் போவது போக மிஞ்சுவது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்குப் போதும். 500 குதிரைத்திறன் என்றால் 47. பத்து கிலோமீட்டர் ஏற்றத்தில் மிச்சமாகும் நேரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் கொஞ்சம்தான். எப்போதும் மலைப்பாதையிலேயே ஓடும் வண்டிக்கு அது பெரிது. சமவெளியில் ஓடும் வண்டிக்கு ஒன்றுமில்லை.

குறைந்த ஆர்.பி.எம்.மில் கிடைக்கும் டார்க் தரும் நன்மை வேறு. கியரை அடிக்கடி மாற்ற வேண்டாம். வேகமான ஆக்சில் (அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுழன்றால் போதும் என்ற பல் விகிதம் உள்ளது) போட்டு 1100 ஆர்.பி.எம்.மிலேயே நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகலாம், டீசல் மிச்சம். வாங்கும்போது உச்ச டார்க் எண்ணைவிட, அது எந்த ஆர்.பி.எம்.மிலிருந்து எது வரை நிலைத்து நிற்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இவ்ளோ டார்க் இருந்தும் சேத்துல சக்கரம் சும்மா சுத்துதே, ஏன்?

டார்க் போதாமல் அல்ல, பிடிமானம் போதாமல். 2500 நியூட்டன் மீட்டரை முதல் கியர் 12 மடங்கும் ஆக்சில் 3 மடங்கும் பெருக்கினால் சக்கரத்தில் 90,000. அரை மீட்டர் ஆரம் உள்ள டயரில் அது 18 டன் இழுவிசை. ஆனால் இழுக்கும் ஆக்சில் மேல் 11.5 டன் எடை இருந்தால், காய்ந்த ரோட்டிலேயே டயர் தாங்குவது சுமார் 8 டன்தான். சேற்றில் அதில் பாதிகூடத் தேறாது. முதல் கியரில் எந்தப் பெரிய லாரிக்கும் டார்க் பற்றாக்குறை கிடையாது. அதனால்தான் டிப்பர்களில் இரண்டு பின் ஆக்சில்களையும் இழுக்க வைக்கிறார்கள்.

சின்ன இன்ஜின்ல பெரிய டர்போ மாட்டிட்டா 8 லிட்டரே 13 லிட்டர் வேலை செய்யாதா?

ஓரளவு செய்யும், வரலாறே அந்தத் திசையில்தான் போயிருக்கிறது. 1969-ல் ஸ்கேனியாவின் 14 லிட்டர் வி8 இன்ஜின் 350 குதிரைத்திறனோடு வந்தபோது ஐரோப்பாவே அதை அண்ணாந்து பார்த்தது. இன்று 13 லிட்டரிலேயே 500-க்கு மேல் வருகிறது.

ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் கூடுதலாகத் திணித்தால் சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் கூடும். இப்போதே உச்ச அழுத்தம் 200 பாரைத் தொடுகிறது (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 131 மில்லிமீட்டர் பிஸ்டன் தலையில் அது 27 டன் பாரம். பாரம் ஏற்றிய ஒரு லாரியே ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரு பிஸ்டன் மேல் வந்து உட்கார்வது போல. மேலும் டர்போ விழிக்காத நேரத்தில், அதாவது நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, இன்ஜினுக்குத் துணை அதன் சொந்த லிட்டர் மட்டுமே. பாரத்தோடு அடிக்கடி நின்று கிளம்பும் வண்டிக்கு லிட்டரில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடுத்த பதிலில் இன்னொரு காரணமும் இருக்கிறது.

இறக்கத்துல இன்ஜின் பிரேக் சரியா பிடிக்கல. டர்போ மெக்கானிக் ஏன் வந்து பாக்கணும்?

பார்க்கத்தான் வேண்டும். கம்ப்ரஷன் பிரேக் என்பது இன்ஜினைக் காற்று அமுக்கும் பம்பாக மாற்றுவது. பிஸ்டன் காற்றைக் கஷ்டப்பட்டு அமுக்கி மேலே வந்ததும், புகை வால்வைத் திறந்து அந்த அழுத்தத்தை வெளியே விட்டுவிடுகிறார்கள். திறக்காவிட்டால் அமுங்கிய காற்று ஸ்பிரிங் போலப் பிஸ்டனைத் திருப்பித் தள்ளி, எடுத்த ஆற்றலைக் கொடுத்துவிடும். கமின்ஸ் இன்ஜின் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கமின்ஸ் யோசித்த இந்த முறையை ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இங்கேயும் சரக்கு காற்றுதான். லிட்டர் பெரிதாக இருந்தால், டர்போ நன்றாக அழுத்தினால், அமுக்க நிறையக் காற்று கிடைக்கும். பிடியும் பலமாக இருக்கும். டர்போ குழாயில் கசிவு இருந்தால் ஏற்றத்தில் இழுவையும் இறக்கத்தில் பிடியும் சேர்ந்தே குறையும். இன்னொன்று: இன்ஜின் பிரேக்குக்கு உயர்ந்த ஆர்.பி.எம். வேண்டும். ஏற்றத்தில் 1200 நல்லது என்று பழகிய கை, இறக்கத்திலும் அப்படியே விட்டுவிட்டால் பிடி பாதிகூட இருக்காது. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் சுழற்சியை ஏற்றி வையுங்கள்.

மலை உச்சிக்குப் போனா டர்போ வண்டிக்கும் மூச்சு வாங்குமா?

3000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். டர்போ இல்லாத இன்ஜின் கிட்டத்தட்ட அந்த அளவுக்கே சுருங்கிவிடும். டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டும். தண்டின் வேகம் அதன் எல்லையைத் தொட்டதும் கணினி டீசலைக் குறைக்கும். அங்கே பவர் இறங்குவது பாதுகாப்புக்காக.

டர்போ போயிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? எல்லாரும் உடனே மாத்தச் சொல்றாங்க.

உடனே மாற்றாதீர்கள். இழுவை குறைந்து கரும்புகை வந்தால் முதலில் காற்று வடிகட்டி, அடுத்து ரப்பர் குழாய்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் குழாய் இணைப்புகளில் கிளாம்ப் ஓரத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பசையோடு புழுதி ஒட்டி விசிறி போல ஒரு கருங்கறை பரவியிருந்தால், காற்று அங்கேதான் தப்பிக்கிறது. வெடிப்பு பலநேரம் குழாயின் அடிப்பக்கத்தில் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. விரலை அடியில் விட்டுத் தடவிப் பாருங்கள்.

அதன் பிறகே டர்போ. இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, காற்று வரும் பக்கக் குழாயைக் கழற்றுங்கள். சக்கரத்தின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும். அது ஆயில் படலத்துக்கான இடைவெளி, பயப்பட வேண்டாம். ஒரு பக்கம் அழுத்தியபடி சுழற்றும்போது இதழ்கள் உறையில் உரசினாலோ, முன்னும் பின்னும் ஆட்டம் கையில் தட்டுப்பட்டாலோ தாங்கி (பேரிங்) தேய்ந்துவிட்டது. நீலப்புகையோடு ஆயில் குறைந்துகொண்டே வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். கசியும் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் இன்ஜின் தறிகெட்டு ஓடும் ஆபத்து உண்டு. அப்போது காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

நிறுத்துறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஐட்லிங்ல விடணும்கிறது பழைய காலத்துப் பழக்கமா?

இன்றும் தேவைதான். முழு பாரத்தில் ஏறி வந்த டர்போவின் புகைப்பக்கம் 600 டிகிரியைத் தாண்டிய சூட்டில் இருக்கும். சட்டென்று அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, தாங்கியில் தேங்கிய ஆயில் கருகிக் கரியாகும். அடுத்த முறை அந்தக் கரிதான் தண்டை அரைக்கும். கடைசிச் சில கிலோமீட்டர் சமதரையில் மெதுவாக வந்திருந்தால் அதுவே போதும்.

ஒரே இன்ஜினை 420, 460, 500-ன்னு விக்கிறாங்க. சாஃப்ட்வேரை மாத்தினா சின்னதைப் பெருசாக்கிடலாமே?

சில அளவுகளுக்கிடையே மென்பொருள் மட்டுமே வேறு என்பது உண்மை. ஆனால் பல நேரம் டர்போ, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், பிஸ்டன், குளிர்விப்பு ஆகியவையும் மாறும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டர்போ பற்றிய பதிலில் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். டர்போ தரும் காற்று அப்படியே இருக்க டீசலை மட்டும் கூட்டினால், கூடுவது புகையும் புகைச் சூடும். பவர் கூடியது போல் தெரியும் முதல் மாதங்களில் பிஸ்டன் தலையும் டர்போ சக்கரமும் வெந்துகொண்டிருக்கும்.

இன்ஜின் தாங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதற்குப் பின்னால் கிளட்ச், கியர்பாக்ஸ், அங்கிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஆக்சில் என்று ஒவ்வொன்றும் ஒரு டார்க் எல்லைக்குச் செய்யப்பட்டவை. முதல் கியரில் 12 மடங்காகப் பெருகிப் போகும்போது, இன்ஜினில் கூட்டிய 300 நியூட்டன் மீட்டர் புரொப்பெல்லர் ஷாஃப்டில் 3600 ஆக இறங்கும். உங்கள் கியர்பாக்ஸ் எத்தனை நியூட்டன் மீட்டர் உள்ளீட்டுக்குச் செய்யப்பட்டது என்பதை அதன் தயாரிப்பாளர் தரும் விவரக்குறிப்பில் பாருங்கள். இன்ஜின் இப்போது தருவதே அந்த எண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால், மென்பொருளில் கைவைக்க இடமே இல்லை.